இளவரசன் ஏன் சொன்ன உடனே நிற்பதில்லை? ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வின் கடினம் பற்றி ஓர் எளிய விளக்கம்

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வை முதன்முதலாக ஆடுகிற யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம்: “நான் கரெக்டாத்தான் அழுத்தினேன், அவன்தான் நிக்கல.” தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டர்களில் கறுப்புத் திரையில் ‘பிரின்ஸ்’ என்று தட்டச்சு செய்து அதை ஆடியவர்களும் இதையே சொன்னார்கள். இன்று கைப்பேசியில் ஆடிப் பார்க்கிற பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள்.

சொல்லிவிட்டு உடனே ஒரு தீர்ப்பும் கொடுத்துவிடுவார்கள். ‘பழைய கேம், கன்ட்ரோல் சரியில்லை’ என்பார்கள், அல்லது ‘அந்தக் காலத்து கேம் எல்லாமே இப்படித்தான், வேண்டுமென்றே கஷ்டமாக வைத்திருப்பார்கள்’ என்பார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. இந்த ஆட்டம் கடினமானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடினம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், வீடியோ கேம் என்ற கலையைப் பற்றியே ஒரு முக்கியமான விஷயம் புரியும். கேம் ஆடியே பழக்கமில்லாதவரும் பின்தொடரும்படி அதை விளக்கப் பார்க்கிறேன்.

என்ன ஆட்டம் இது?

1989இல் ஆப்பிள் டூ கணினிக்காக அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர், வெளியிட்டது ப்ரோடர்பண்ட் நிறுவனம். சுல்தான் போருக்குப் போயிருக்கும் நேரத்தில் அமைச்சன் ஜாஃபர் அரண்மனையைக் கைப்பற்றிக்கொள்கிறான். என்னை மணந்துகொள், இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் சாவு என்று இளவரசியிடம் சொல்லி மணற்கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறான். அவள் விரும்பும் இளைஞன் பாதாளச் சிறையில் கிடக்கிறான். அவன்தான் நாம். சிறையிலிருந்து ஏறி, 12 நிலைகளைக் கடந்து, 60 நிமிடத்துக்குள் அவளிடம் போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் பள்ளங்கள், தரையிலிருந்து எழும் முட்கள், கத்தரி போல மூடித் திறக்கும் வெட்டுக் கத்திகள், காலை வைத்தால் உடைந்து விழும் ஓடுகள், வாளோடு காவலாளிகள்.

‘கஷ்டம்’ என்ற சொல்லுக்குள் பல கஷ்டங்கள்

கேம்களைப் பற்றிப் பேசும்போது ‘கஷ்டம்’ என்பதை ஒரே பொருள் போலப் பயன்படுத்துகிறோம். சமையலில் ‘காரம்’ என்று சொல்வது போலத்தான் இது. மிளகுக் காரமும் பச்சை மிளகாய்க் காரமும் ஒன்றா? நாக்கில் விழும் இடமே வேறு.

ஆட்டங்களில் முதல் வகை, வேகத்தைச் சோதிப்பது. கண் பார்த்ததும் விரல் நகர வேண்டும். இரண்டாவது, நினைவைச் சோதிப்பது. 1983இல் வந்த ‘டிராகன்ஸ் லேர்’ இதற்கு நல்ல உதாரணம். கார்ட்டூன் படம் போல ஓடிக்கொண்டிருக்கும், சரியான நொடியில் சரியான திசையை அழுத்தாவிட்டால் சாவு. எப்போது, எந்தத் திசை என்பதைப் பெரும்பாலும் செத்துச் செத்துத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

மூன்றாவது வகைக்கு வியாபாரம் காரணம். காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களில் ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் அடுத்த காசு விழும். 1985இல் காப்காம் வெளியிட்ட ‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்’ ஆட்டத்தில் வீரனின் மேல் ஒரு அடி பட்டால் கவசம் போகும், இரண்டாவது அடியில் உயிர் போகும். கடைசி வரை போய் ஜெயித்தாலும், இன்னொரு முறை முதலிலிருந்து ஆடினால்தான் உண்மையான முடிவைக் காட்டும்.

‘அந்தக் காலத்து கேம் எல்லாமே இப்படித்தான்’ என்கிறவர்கள் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையைத்தான். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா அந்த இனமே இல்லை. வீட்டுக் கணினிக்காக எழுதப்பட்ட ஆட்டம் அது, காசு விழவேண்டிய துளையே அதில் கிடையாது. எத்தனை முறை செத்தாலும் அந்த நிலையின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடலாம், உயிர்களுக்கு எண்ணிக்கை இல்லை. அப்படியானால் கடினம் எதில் இருக்கிறது?

ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர்

நகரத் தொடங்கிவிட்ட பஸ்ஸில் ஓடிப்போய் ஏறுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு எட்டு ஓடுகிறார், கம்பியைப் பிடிக்கிறார், ஒரு காலைப் படியில் வைத்து உடம்பைத் தூக்குகிறார். அந்தக் கால் தரையை விட்டு எழுந்த பிறகு ‘வேண்டாம், அடுத்த பஸ்ஸில் போகலாம்’ என்று மனதை மாற்றிக்கொள்ள முடியுமா? மனம் மாறலாம். உடம்பு மாறாது. தொடங்கிய அசைவை அது முடித்தே தீரும்.

பெரும்பாலான கேம்கள் இந்த உண்மையை நமக்காக மறந்துவிடுகின்றன. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் மாரியோ எம்பிக் குதித்த பிறகும் காற்றிலேயே அவனை முன்னும் பின்னும் திருப்பலாம். நிஜ வாழ்க்கையில் யாராலும் அது முடியாது, ஆனால் ஆட விளையாட்டாக இருக்கிறது. விரலும் உருவமும் ஒன்றாகவே அசைவது போன்ற உணர்வு வருகிறது.

பெர்சிய இளவரசனுக்கு அந்தச் சலுகை கிடையாது. குதித்தால் குதித்ததுதான், விழும் இடம் கால் எழும்போதே முடிவாகிவிடுகிறது. ஓடும்போது எதிர்த்திசையை அழுத்தினால் சட்டென்று திரும்ப மாட்டான். கால் வழுக்கிக்கொண்டே கொஞ்ச தூரம் போய், உடம்பைத் திருகி, பிறகுதான் திரும்புவான். நாம் ‘நிற்கவில்லை’ என்று கோபப்படுவது இந்த வழுக்கலைத்தான்.

இங்கே ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கணினி மெதுவாக இருப்பதால் நாம் அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் நடுவே விழும் இடைவெளிக்குப் பெயர் ‘லேக்’. அது இயந்திரத்தின் குறை. இளவரசன் நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் லேக் இல்லை. ஓடுகிற மனிதன் நிற்க எவ்வளவு நேரம் ஆகுமோ அந்த நேரம் அது, வேண்டுமென்றே வைத்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், இந்த ஆட்டத்தில் விரலுக்கும் உருவத்துக்கும் நடுவே ஓர் உடம்பு இருக்கிறது. அதற்கு எடை உண்டு. அந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை.

கார் நிறுத்துமிடத்தில் ஓடிய தம்பி

1985இல் மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டுவிட்டு, நியூயார்க் மாநிலத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போய், ஓடு, குதி, எம்பிப் பிடி, ஏறு என்று சொல்லி வி.எச்.எஸ். கேமராவில் படம் பிடித்தார். அப்புறம் அந்த வீடியோவைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, ஒவ்வொரு கணமாக நிறுத்தி, திரையை 35 மில்லிமீட்டர் கேமராவில் புகைப்படம் எடுத்தார். பிரதிகளைக் கழுவி வாங்கி, தம்பியின் உருவத்தை மட்டும் கறுப்பு மார்க்கராலும் வெள்ளை மையாலும் தனியே தெரியும்படி வரைந்து, நகலெடுத்து, அந்தத் தாள்களைக் கணினிக்குள் ஏற்றினார். பிறகு ஒவ்வொரு படத்தையும் புள்ளி புள்ளியாகத் திருத்தினார்.

உண்மையான மனிதரின் அசைவைப் படம் பிடித்து, அதன் மேலேயே வரைந்து உயிர்ப்படம் செய்யும் இந்த முறைக்குப் பெயர் ரோட்டோஸ்கோப்பிங். மெக்னர் கண்டுபிடித்ததல்ல. கார்ட்டூன் படங்களுக்காக மேக்ஸ் ஃப்ளைஷர் 1917லேயே காப்புரிமை வாங்கிய முறை அது. மெக்னரே 1984இல் வந்த தன் ‘கராத்தேகா’ ஆட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தியிருந்தார். ஆனால் ஓடி, தாவி, தொங்கி, ஏறி ஒரு முழு அரண்மனையையே கடக்கும் உடம்புக்கு இதைச் செய்தது அதுவரை இல்லாத காரியம். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். சுவர் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, கைகளை ஊன்றி, முழங்காலைத் தூக்கி ஏறுகிற அந்த அசைவில் ஒரு பையனின் மூச்சு வாங்கல்கூடத் தெரிவது போல இருக்கும்.

வாள்சண்டைக்குத் தம்பி போதவில்லை. 1938இல் வந்த ராபின் ஹூட் திரைப்படத்தின் கடைசிச் சண்டையில் எரோல் ஃப்ளினும் பேசில் ராத்போனும் பக்கவாட்டில் முழு உருவமாகத் தெரியும் சில நொடிகள் உண்டு. அந்தச் சின்னத் துண்டிலிருந்துதான் ஆட்டத்தின் சண்டை அசைவுகள் எல்லாம் வந்தன.

எட்டுப் படத்தில் இரண்டு

சரி, இனி இயந்திரத்துக்குள் போவோம்.

திரையில் அசைவு என்பது வேகமாக மாறும் நிலைப்படங்களின் வரிசை. ஒவ்வொரு நிலைப்படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் படம் வரைந்து சரசரவென்று புரட்டினால் பொம்மை ஓடுமே, அதேதான். இளவரசனின் ஓட்டம் எட்டு ஃபிரேம்களின் சுழற்சி. எட்டாவது முடிந்தால் மறுபடி முதலாவது.

இப்போது நீங்கள் திசை விசையை விட்டுவிடுகிறீர்கள், அவன் நிற்க வேண்டும். எட்டில் எந்த ஃபிரேமில் வேண்டுமானாலும் நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும்போதே உருவம் நேராக நிற்கும் படத்துக்குத் தாவிவிடும், பொம்மை வெட்டி வெட்டி அசைவது போல அசிங்கமாக இருக்கும். அதனால் எட்டில் இரண்டே ஃபிரேம்களில் மட்டும்தான் நிற்கும் அசைவுக்கு மாறலாம் என்று நிரலில், அதாவது கணினிக்கு எழுதிய கட்டளைகளில், வைத்திருக்கிறார்கள். ஒன்று ஒரு காலுக்கு, மற்றொன்று மறு காலுக்கு. நீங்கள் விசையை விட்டதும் நிரல் அதைக் கவனிக்கும், ஆனால் அந்த இரண்டில் ஒன்று வரும்வரை ஓட்டம் தொடரும். வந்ததும் நிற்கும் அசைவு தொடங்கும். அதற்கும் சில ஃபிரேம்கள் உண்டு, அதிலும் உடம்பு கொஞ்சம் முன்னால் நகரும்.

ஊஞ்சலிலிருந்து குதிக்கிற குழந்தைக்கு இது தெரியும். எந்தக் கணத்தில் வேண்டுமானாலும் குதித்துவிட முடியாது, ஊஞ்சல் சரியான இடத்துக்கு வரவேண்டும். குதிக்க நினைப்பது முன்னாலேயே நடந்துவிட வேண்டும்.

இதனால் ஆட்டக்காரரின் தலைக்குள் ஒரு மாற்றம் நடக்கிறது. மாரியோவில் ‘இப்போது’ என்று விளையாடுகிறோம். இங்கே ‘இன்னும் கொஞ்ச நேரத்தில்’ என்று விளையாடக் கற்றுக்கொள்கிறோம். பள்ளத்தைப் பார்த்த பிறகு நிற்க முடிவெடுத்தால் தாமதம், பள்ளம் வரும் என்று நினைத்து முடிவெடுக்க வேண்டும். சோதிக்கப்படுவது விரலின் வேகம் இல்லை, முன்யோசனை.

பாண்டிக் கட்டம்

முன்யோசனை வேண்டுமென்றால் கணக்குப் போட ஏதாவது அளவு வேண்டுமே. அதையும் ஆட்டம் கொடுத்திருக்கிறது. தரையில் கோடு போட்டுப் பாண்டி ஆடியிருப்பீர்கள். கட்டம் இருப்பதால்தான் ‘இரண்டு கட்டம் தாண்டிக் குதி’ என்று சொல்ல முடிகிறது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் ஒவ்வொரு திரையும் அப்படி ஒரு பாண்டிக் கட்டம்தான். அகலத்தில் 10, உயரத்தில் 3 மாடி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு பொருள்: தரை, தூண், முள், கதவு, உடையும் ஓடு, அல்லது ஒன்றுமில்லாத பள்ளம்.

இளவரசனின் தாவல் தூரங்கள் மாறாதவை. நின்ற இடத்திலிருந்து தாவினால் இவ்வளவு, ஓடிவந்து தாவினால் இவ்வளவு, ஓடிவந்து தாவி எதிர் விளிம்பைக் கையால் பற்றினால் இன்னும் ஒரு கட்டம் கூடுதல். விழுவதற்கும் கணக்கு உண்டு. ஒரு மாடி விழுந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு மாடி என்றால் ஓர் உயிர்ப்புள்ளி (அவன் சாவதற்குள் எத்தனை அடி தாங்குவான் என்பதன் அளவு) போகும், மூன்று மாடி என்றால் முடிந்தது கதை. எந்த நிலையிலும், எந்த நாளிலும் இந்த விதிகள் மாறுவதில்லை. நல்ல கேம்களில்கூட இவ்வளவு நேர்மை அரிது என்று நினைக்கிறேன்.

ஆகவே உடம்புக்கு எடை உண்டு, தொடங்கியதைப் பாதியில் விடாது. ஆனால் அது எவ்வளவு தூரம் போகும் என்பது கட்டக் கணக்கில் முன்கூட்டியே தெரியும்.

யாருக்கும் தெரியாமல் செய்யும் உதவி

2012இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. தொலைந்துபோனதாக நினைத்த ஆப்பிள் டூ மூல நிரலின் பழைய வட்டுகளை மெக்னரின் தந்தை கண்டெடுத்தார். ஆட்டத்துக்கு இசையமைத்தவரும் அவர்தான். வட்டுகளிலிருந்து நிரலை மீட்டு, எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வெளியிட்டார்கள். டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான பதிப்பையும் ஆர்வலர்கள் பிரித்துப் படித்து, யாரும் பார்க்கக்கூடிய திறந்த நிரலாக மறுபடி எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தால், ‘வேண்டுமென்றே கஷ்டமாக வைத்திருப்பார்கள்’ என்று சொல்லவே வாய் வராது.

ஓடித் தாவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தாவும் விசையை நீங்கள் அழுத்தியதும் நிரல் இளவரசனுக்கு முன்னால் உள்ள கட்டங்களைப் பார்க்கிறது. அங்கே பள்ளமோ முள்ளோ இருந்தால், விளிம்புக்கும் அவன் காலுக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்கிறது. நீங்கள் கொஞ்சம் முன்னதாக அழுத்தி, விசையை விடாமல் பிடித்திருந்தால், விளிம்பு நெருங்கும்வரை பொறுத்திருந்து தாவ வைக்கிறது. கால் ஒரு நூல் முன்பின் இருந்தால் விளிம்போடு சேர்த்துவைத்துவிட்டுத் தாவ வைக்கிறது. ‘என்ன அழகாக டைமிங் செய்தேன்’ என்று நாம் பூரித்துப்போன பல தாவல்களில் பாதி வேலையை ஆட்டமே செய்திருக்கிறது.

இதைவிட அழகானது மெல்லடி. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு திசையை அழுத்தினால் இளவரசன் ஓடாமல் ஒரே ஒரு எச்சரிக்கையான அடி வைப்பான். ஒரு கட்டத்தின் அகலம் நிரலுக்குள் 14 அலகு. மெல்லடியிலும் 1 அலகு முதல் 14 அலகு வரை 14 விதம் வைத்திருக்கிறார்கள். பள்ளத்துக்கு 5 அலகு தூரத்தில் நின்றால் 5 அலகு அடியைத் தேர்ந்தெடுத்து, சரியாக விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும். விளிம்பில் நின்றபடி இன்னொரு முறை அழுத்தினால் காலை நீட்டி, ‘இங்கே தரை இல்லையே’ என்று தடவிப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவான். இருட்டில் படிக்கட்டு இறங்கும்போது நாம் காலால் தேடுவோமே, அப்படி. தரையிலிருந்து குத்தும் முட்களுக்கு நடுவிலும் மெல்லடியில் போனால் ஒரு கீறல் விழாது. ஓடினால்தான் சாவு.

உடையும் ஓடுகளைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. நின்ற இடத்திலேயே எம்பிக் குதித்தால் அதே தளத்தில் உள்ள உடையும் ஓடுகள் கடகடவென்று ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் ஏன் தோற்கிறோம்?

இங்கேதான் முழு வடிவமும் தெரிகிறது. மெல்லடியில் போனால் எந்த முள்ளும் குத்தாது, பள்ளத்திலும் எளிதில் விழ மாட்டோம். ஆனால் மெல்லடியிலேயே போனால் 60 நிமிடம் போதாது.

தேர்வு அறையில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். ஒவ்வொரு கணக்கையும் இரண்டு முறை சரிபார்த்தால் தப்பே வராது, ஆனால் கடைசி இரண்டு கேள்விக்கு மணி அடித்துவிடும். எங்கே சரிபார்ப்பது, எங்கே துணிந்து எழுதிவிட்டுப் போவது என்று தெரிவதுதான் பாதி மதிப்பெண்.

இந்த ஆட்டத்தில் இறப்புக்குத் தண்டனை உயிர் இழப்பு இல்லை, நேர இழப்பு. செத்தால் நிலையின் தொடக்கத்துக்குப் போகலாம், ஆனால் போன நிமிடங்கள் திரும்பி வராது. கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். டாஸ் பதிப்பில் மூன்றாவது நிலையிலிருந்து ஆட்டத்தைச் சேமித்து வைக்கலாம், ஆனால் மிச்சமிருக்கும் நேரமும் அதோடு சேர்ந்தே சேமிக்கப்படும். ஆக, 7ஆம் நிலைக்கு 20 நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தவர், பிழையில்லாமல் ஆடியும் தோற்கலாம். அவர் செய்த தவறு அரை மணி நேரத்துக்கு முன்னால், மூன்றாவது நிலையில் நடந்தது.

பெரிய கடிகாரத்துக்குள் சின்னச் சின்னக் கடிகாரங்களும் உண்டு. ஒரு தரைப் பலகையை மிதித்தால் எங்கோ ஒரு கதவு மேலே ஏறும், பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அது மூடுவதற்குள் ஓட வேண்டும். அந்த வழியில்தான் பள்ளமும் முள்ளும் இருக்கும். கதவு ‘ஓடு’ என்கிறது, பள்ளம் ‘நில்’ என்கிறது. இந்த இரண்டு குரல்களுக்கு நடுவே நின்று முடிவெடுப்பதுதான் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் கடினம்.

அதனால்தான் இரண்டாவது, மூன்றாவது முறை ஆடும்போது ஆட்டமே வேறாகிவிடுகிறது. விரல் வேகம் அதே அளவுதான். ஆனால் எந்த ஓடு உடையும், எந்தக் கதவுக்கு அவசரம் தேவையில்லை என்று தெரிந்துவிட்டதால் மெல்லடியை அந்தந்த இடத்துக்கு மட்டும் செலவழிக்கிறோம். முதல் முறை ஐந்தாம் நிலையோடு 60 நிமிடத்தையும் தீர்த்தவர்கள், பழகியபின் அரை மணிக்குள் முழு ஆட்டத்தையும் முடிக்கிறார்கள்.

எல்லாமே நியாயமா?

இல்லை. இரண்டு இடங்களில் இந்த ஆட்டம் நம்மை ஏமாற்றுகிறது என்றே சொல்வேன். ஒன்று, திரை நகர்வதில்லை. ஒரு விளிம்பைத் தாண்டினால் சினிமாவில் ஷாட் மாறுவது போல அடுத்த திரை சட்டென்று வரும். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லாமலே இறங்க வேண்டிய இடங்கள் உண்டு. முன்யோசனையைக் கேட்கிற ஆட்டம் முன்னால் பார்க்க விடாதது குறைதான்.

இரண்டாவது முதல் நிலையிலேயே வருகிறது. வாள் இல்லாமல்தான் நாம் தொடங்குகிறோம். வாளை எடுக்காமல் காவலாளியின் எதிரே போய் நின்றால் ஒரே வெட்டு, அவ்வளவுதான். வாள் என்று ஒன்று இருப்பதையே ஆட்டம் சொல்வதில்லை.

நிழல்

இவ்வளவு சொல்லிவிட்டு நிழல் மனிதனைச் சொல்லாமல் விட முடியாது. கடினம் என்பதை இந்த ஆட்டம் எவ்வளவு ஆழமாக யோசித்திருக்கிறது என்பதற்கு அவன்தான் சாட்சி.

முதலில் அவன் பிறந்த கதை. ஆட்டம் பாதி வளர்ந்த நிலையில் வெறும் ஓட்டமும் பொறிகளும்தான் இருந்தன, எதிரியே இல்லை. உடன் வேலை செய்த தோழி டோமி பியர்ஸ் ‘சண்டை வேண்டும், சண்டை வேண்டும்’ என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்னருக்கும் ஆசைதான், ஆனால் நினைவகத்தில் இடம் தீர்ந்துவிட்டது. இளவரசனின் அத்தனை ஃபிரேம்களும் அதை நிரப்பிவிட்டிருந்தன. இன்னொரு மனிதனின் படங்களை எங்கே வைப்பது?

புதுப் படமே வேண்டாம், இருக்கும் இளவரசனையே எதிரியாக்கலாம் என்ற யோசனை வந்தது. அதற்குப் பயன்பட்டது எக்ஸ்-ஆர் என்ற கணினிக் கணக்கு. இரண்டு புள்ளிகளை ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் அணை, வேறாக இருந்தால் ஏற்று என்று சொல்லும் விதி அது. இளவரசனின் படத்தை ஒரு புள்ளி தள்ளி அதன் மேலேயே வைத்து இந்தக் கணக்கைப் போட்டால், உடம்பின் உள்பகுதியில் இரண்டும் ஒத்துப்போவதால் பெரும்பாலும் அணைந்துவிடும், ஓரங்கள் மட்டும் மினுக்கும். ஆவி போல நடுங்கும் ஓர் உருவம் கிடைத்தது. அதற்கு நினைவகச் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. பிறகு நிரலைச் சுருக்கி இடம் பிடித்துக் காவலாளிகளும் சேர்ந்தார்கள். ஆனாலும் மனதில் நிற்பவன் நிழல்தான்.

நான்காம் நிலையில் ஒரு கண்ணாடி வழியை மறிக்கும். ஓடிவந்து அதற்குள் பாய்வதைத் தவிர வேறு வழியில்லை. பாய்ந்ததும் மறுபக்கமிருந்து நிழல் வெளியே வருவான், நம் உயிர்ப்புள்ளிகள் ஒன்றாகக் குறைந்துவிடும். ஐந்தாம் நிலையில் நாம் குடிக்க வேண்டிய மருந்தை அவன் குடித்துவிட்டு ஓடுவான். ஆறாம் நிலையில் நாம் தாவிவரும் நேரம் பார்த்துக் கதவை மூடிக் கீழே விழ வைப்பான். பன்னிரண்டாம் நிலையில் வாளோடு எதிரே நிற்பான்.

அதுவரை ஆட்டம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே: வாளோடு வருகிறவனை வெட்டு. இவனை வெட்டினால் நம் உயிர்ப்புள்ளி குறைகிறது. கொன்றால் நாமும் விழுகிறோம். செய்ய வேண்டியது வாளை உறையில் போடுவது. அவனும் போடுவான். அப்புறம் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். அதன் பிறகு வரும் பள்ளத்தில் தரையே இல்லை. அதுவரை விளிம்பில் காலால் தடவிப் பார்க்கப் பழகிய நாம், இப்போது வெட்டவெளியில் ஓட வேண்டும். ஓடினால் காலடியில் தரை முளைத்துக்கொண்டே வரும்.

இந்த இடத்தில் வேகமும் வேண்டாம், கட்டக் கணக்கும் வேண்டாம். பதினோரு நிலைகளில் ஊறிய பழக்கத்தைக் கைவிடுவதுதான் இங்கே கஷ்டம். நினைவகம் தீர்ந்துபோன ஒரு கணினியில் இப்படி ஒன்று கிடைத்தது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆடிப் பார்க்க விரும்பினால்

பழைய டாஸ் பதிப்பை இன்றைய கணினிகளில் ஓடவைக்கும் திறந்த நிரல் வடிவங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. முதல் நாள் இளவரசியை மறந்துவிடுங்கள். ஷிஃப்ட் விசையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு முதல் நிலையில் சும்மா நடந்து பாருங்கள். ஒவ்வொரு விளிம்பிலும் காலால் தடவிப் பாருங்கள். விளிம்பிலிருந்து எத்தனை கட்டம் தாவுகிறான் என்று எண்ணுங்கள். பிறகு பின்னால் போய் ஓடிவந்து தாவி, அதையும் எண்ணுங்கள். தொங்கி மெதுவாக இறங்கினால் விழும் உயரம் குறைகிறதா என்று பாருங்கள். வாளைத் தேடி எடுங்கள். இதற்கே 60 நிமிடமும் போய்விடும். மறுநாள் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கிற இளவரசனை எந்த இடத்தில் நிற்கச் சொல்ல வேண்டும் என்பது விரலுக்குத் தெரிந்திருக்கும்.